பாலத்துப் பொம்பளைங்களுக்கு வைத்த கண்

— லோரிய விட்டு இறங்கு காளியண்ணே. ஆபீசருங்க பாலத்து மேல உனக்காகத்தான் நிக்கிறாங்க.

— நீ போ மதி. நீ நகராட்சி மஜ்லிஸ்ல டூர் காட்டுறவ, உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கிறது லா?

— கூடப்பொறந்தவனாச்சேன்னு இந்தச் சாயம் அடிக்கிற வேலைய உனக்கு வாங்கிக் குடுத்தேனே, என் மூஞ்சிய எங்க வைக்கிறது?

— நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? வெளக்குத் தூணுல எட்டு இரும்புப் பொம்பளைங்க. மூக்கு இருக்கு, வாய் இருக்கு, கண்ண மட்டும் காணோம். நான் கோயில் வேலக்காரன் லா. தெப்ராவ் ஊர்க் கோயில் கோபுரத்துல எத்தன செல! கண்ணு வைக்காம சாரத்த விட்டு இறங்கினதே இல்ல. குளிச்சு, சூடம் காட்டிட்டுத்தான் வச்சேன்.

— சூடம் வேற காட்டினியா? அலமாக்!

— பின்ன? கண்ணு தொறக்கறதுன்னா சும்மாவா?

— சரி, வெறும் சாயம்தானே, சுரண்டிறலாம்னு அவங்ககிட்ட கெஞ்சினேன். அதுக்கு முன்னாடி கிரைண்டர் மெஷின் போட்டுத் தேச்சியாமே?

— கண்ணு இருக்க வேண்டிய எடத்துல கோடு கோடா கீறல். துருன்னு நெனச்சேன். ஒரு பொம்பளைய முழுசா முடிச்சிட்டுத்தான் அடுத்தவகிட்ட போவேன். வழிச்சு, மட்டமாக்கி, அப்புறம் கண்ணு.

— அது கீறல் இல்லண்ணே. அரம் போட்ட தடம்.

— யாரு போட்டது?

— நம்ம ஆளுங்க. ஒரு நாளாவது என் டூருக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இந்த வளைவு, பூங்கொடி, வெளக்கு ஏந்துற பொம்பளைங்க எல்லாம் வெள்ளக்காரன் ஊர்ல வார்த்து, கப்பல்ல பெட்டி பெட்டியா வந்தது. தூக்கிப் பூட்டினது தோட்டத்து ஆளுங்க. பாலம் நிக்கணும்னா புள்ளைங்க தலைய வெட்டி அடியில வைப்பாங்கன்னு அப்ப ஒரே பேச்சு.

— சாஆ தோட்டத்துல நம்மளயும் அதையே சொல்லித்தானே வெளிய விடாம வளத்தாங்க.

— ஆங். பெட்டியப் பிரிச்சா இதுங்க முழிச்சுப் பாக்குது. எங்க புள்ளைங்கள எண்ணுது, தூக்கி நிறுத்த மாட்டோம்னு எல்லாரும் உக்காந்துட்டாங்க. இஞ்சினியர் மிரட்டிப் பாத்தான், கெஞ்சிப் பாத்தான். கடைசில அரத்த அவங்க கையிலயே குடுத்துட்டான். அவங்களே கண்ண ராவி எடுத்தாங்க. பெரிய மனுசங்க பேரெல்லாம் கல்லுல இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அந்தத் தடம் ஒண்ணுதான் இருந்துச்சு.

— ஐயோ.

— இப்ப ஐயோன்னா? வா, வந்து மன்னிப்பு கேளு.

— மதி, நான் வசந்தன் மேல பழிய போட்டுட்டேன்.

— என்னது?

— காலையில ஆபீசர் போன்ல கத்துனான். ஒடனே பயந்துட்டேன். என் ஆளு வசந்தன் எனக்குத் தெரியாம செஞ்சுட்டான்னு சொல்லிட்டேன். பாரு, கைப்பிடி ஓரமா தலைய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். ஒரு வார்த்த என்னக் காட்டிக் குடுக்கல.

— ச்சீ! உங்கிட்ட வேல பாக்குறவன் தலையிலயா போடுவ? நீயெல்லாம் கோயில்ல சாயம் அடிக்கிறியே, கை கூசல?

— கூசுது லா. ஒடம்பே கூசுது. அதான் இறங்க முடியல... சரி, கதவ விடு, போறேன். எட்டு மூஞ்சியையும் கெடுத்தது நான் ஒருத்தன்தான், வேற யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிடறேன்.

— அப்படிச் சொல்லாத.

— ஏன்? அதானே உண்ம?

— மொத பொம்பளைக்கு நீ கண்ணு வச்சப்ப நான் கீழதான் நின்னேண்ணே. நம்ம வீட்டு ஆளு பாக்கற மாதிரி இருந்துச்சு, தடுக்க மனசு வரல. மத்த ஏழு மூஞ்சியிலயும் தடம் அப்படியே இருக்கறப்பவே வாய மூடிக்கிட்டுப் போயிட்டேன்.