இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெறும் சகலதுறை வீரர் கபிலாஷ் அவர்களுக்கு

பந்தெடுத்தால் பாய்ச்சலும், மட்டையெடுத்தால் மிடுக்கும், பழகுவதற்குப் பஞ்சு நெஞ்சும் ஒருங்கே பெற்ற பண்பாளரே! கடல்கள் கடந்து வந்து எங்கள் களம் சேர்ந்த காளையே! பேர்லேண்ட் தமிழர் துடுப்பாட்டக் கழகத்தின் பெருமைமிகு சகலதுறை வீரரே! வணக்கம்.

தலையில் ஒரு நரைகூட இல்லாதவருக்கு ஓய்வு மடல் வாசிப்பது எங்களுக்கு இதுவே முதல் தடவை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து ஓடிவிடுவீர் என்பதால், உமது கதையைச் சபையோருக்குச் சொல்கிறோம். நீர் சும்மா கேட்டுக்கொண்டிரும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்த கபிலாஷை, பத்தொன்பது வயதில், 1991இல், இங்கிலாந்தின் கவுண்டி அணியொன்று சம்பளத்துக்கு எடுத்தது. வேகமாக வீசுவார், ஆறாவதாக இறங்கி அடித்தும் ஆடுவார். மூன்றாம் ஆண்டு முதுகு வலிக்கத் தொடங்கியது. சொன்னால் இடம் போய்விடும் என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு வீசினார். 1994 கோடையில் ஒருநாள், பந்தைக் கையிலிருந்து விட்டவர் அப்படியே மண்டியிட்டார். கீழ்முதுகு எலும்பில் வெடிப்பு. பருவம் முடிந்ததும் அணி அவரை விடுவித்தது.

அடுத்த ஆண்டு, இங்கே டெக்சாஸில், பேர்லேண்டில் அக்கா தர்சனாவின் வீட்டுக்கு வந்து கணினி படித்தார். கிரிக்கெட் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. ஒரு ஞாயிறு ஆள் குறைந்தபோது, எங்கள் தலைவர் தியாகராஜா அந்தக் கதவைத் தட்டினார்.

"தம்பி, சும்மா ஃபீல்டில நிண்டாக் காணும்."

"எனக்கு விளையாட வராது அண்ணை."

"பொய் சொல்லாதை!" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

வந்தார். ஸ்லிப்பில் நின்றவர், காதோரம் பறந்த பந்தைக் கொசு பிடிப்பதுபோல ஒற்றைக் கையால் பிடித்தார். எங்கள் விக்கெட் காப்பாளர் வாஞ்சிநாதன் சென்னைக்காரர். கையுறையைக் கழற்றிவிட்டு, "பாஸ், உண்மைய சொல்லுங்க. யார் நீங்க?" என்றார். தம்பி அமெரிக்கா வந்தபின் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்பார் தர்சனா.

முதுகு ஆறியது, வேகம் திரும்பியது, லக்ஷிகாவைக் கைப்பிடித்தார். 1998 மே மாதம் பழைய பயிற்சியாளரிடமிருந்து அழைப்பு வந்தது: கோடை முழுதும் கவுண்டியின் இரண்டாம் அணியில் ஆடட்டும், நன்றாக ஆடினால் அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம். எங்களுக்கோ முதன்முறையாகக் கோப்பை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவரால்தான் வந்திருந்தது. அழைப்பு வந்ததைச் சொல்ல அவர் தயங்கி நின்றபோது, "கப் இஞ்சை எங்கையும் ஓடாது. நீர் முதல்ல டிக்கெட்டை புக் பண்ணும்" என்றார் தியாகராஜா.

அங்கே அரைச் சதங்கள் அடித்தார், விக்கெட்டுகள் எடுத்தார். கடைசி ஆட்டத்தின் கடைசி மாலை. எல்லைக்கோட்டருகே பயிற்சியாளர் நின்று பார்க்கிறார். எதிரணிக்கு இரண்டு விக்கெட்தான் பாக்கி. கபிலாஷ் ஓடிவந்து வீசியதும், பழைய இடத்திலேயே வலி ஊசியாய் இறங்கியது. இன்னும் சில ஓவர்கள் பல்லைக் கடித்தால் ஒப்பந்தம் கைக்கு வரும். மறைக்கத் தெரியாதவரா? ஆனால் அவர் பந்தை அந்த அணியின் தலைவரிடம் கொடுத்து, முதுகு போய்விட்டது, இனி வீச முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். ஒப்பந்தம் வரவில்லை.

அன்று வீட்டுக்கு ஃபோன் செய்தார். அப்போது லக்ஷிகா கர்ப்பிணி.

"நோகுதெண்டு நீங்களாவே சொன்னனீங்களோ?"

"ஓம்."

"அப்ப சந்தோஷமா வீட்டை வாங்கோ."

விமான நிலையத்தில் எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபைனல் என்னாச்சு?" பொறியியலாளர்கள் நிறைந்த ஆலன் நகர அணியிடம் தோற்றிருந்தோம். சொன்னோம். எங்கள் தோல்விக்கென்று சொல்லிக்கொண்டு, அவர் தம்முடைய கவுண்டிக்காக அழுதார். நாங்களும் கோப்பைக்காக அழுவதுபோல அவருக்காக அழுதோம்.

அதன்பின் வேகத்தை விட்டுச் சுழற்பந்து பழகினார். முதலில் ஆலன் அணியின் பொறியியலாளர்கள் அதைக் கார் பார்க் வரை அடித்தார்கள். இவரே சிரித்தபடி போய் எடுத்து வருவார். சென்ற ஆண்டு இறுதியாட்டத்தில் அதே பொறியியலாளர்கள் அந்தப் பந்தில் ஒருவர் பின் ஒருவராய் அவுட் ஆனார்கள்; கோப்பை முதன்முறையாக எங்கள் கைக்கு வந்தது.

இந்த மாசியில், மகள் விஷாகா தூக்கச் சொல்லிக் கை நீட்டியபோது அவரால் குனிய முடியவில்லை. கழகத்தின் மருத்துவர் ஞானமணி ஆன்ட்டி ஒளிக்காமல் சொன்னார்: "ஒப்பரேஷன் செய்தா பிள்ளையைத் தூக்கலாம். கிரிக்கெட் ஏலாது. யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்க என்ன இருக்கு ஆன்ட்டி? எப்ப ஒப்பரேஷன்?"

அன்பரே! மீனாக்ஷி அம்மனும், ஞானமணி ஆன்ட்டி மன்றாடும் மாதாவும் உம்மைக் காக்கட்டும்! உமது முதுகு நிமிரட்டும், ஆயுள் நீளட்டும், இல்லம் செழிக்கட்டும்! ஆறியதும் ஒரு ஞாயிறு, எங்கள் மைதானத்துக்கு மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாரும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாங்கள் அனைவரும் எழுந்து கைதட்டுவோம்.

மாறா அன்புடன்,
பேர்லேண்ட் தமிழர் துடுப்பாட்டக் கழகத்தினர்
டெக்சாஸ், மே 2001