சுரண்டிய வரி

— இன்னும் எவ்வளவு நேரம் இந்த மின்சார எந்திரத்தச் சுத்தப் போறீங்க, போதகரே? கண்ணாடி உருண்டைதான் சூடாகுது. குப்பி செத்த மீன் மாதிரி கிடக்குது.

— கொஞ்சம் பொறுங்க, டாக்டர் லூடெக்கே. கடலோர ஊர் பாருங்க, காத்துல ஈரம் அதிகம்.

— பெர்லின்ல கடல் இல்லையே. அங்க நாங்க எட்டுப் பேர் உங்க கடிதத்த வச்சுக்கிட்டு ஒரு வாரம் சுத்தினோம். மருந்துக் குப்பி, உள்ள தண்ணி, தக்கையில ஆணி. மேசை மேல வச்சு மின்சாரம் ஏத்தினோம். ஆணியத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? சுவத்துல தூக்கி அடிச்சதாம். ரெண்டு நாள் தோள அசைக்க முடியலையாம்.

— ஆண்டவர் சாட்சியா, அதுல ஒரு எழுத்தும் பொய் இல்ல.

— ஆண்டவர எங்க அறிவியல் கழகத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. எனக்குக் கண்ணால பார்த்தாகணும்.

— பீர் கஞ்சி ஆறுது. குடிச்சிட்டு அப்புறம் சண்டை போடுங்க.

— வச்சிட்டுப் போ, வீப்கே.

— இந்தம்மா யாரு?

— சமையல் பாக்குறவங்க. என் மனைவி தவறினதுலேருந்து நாலு வருஷமா இருக்காங்க.

— நானும் புருஷன கடலுக்குக் குடுத்தவதான், டாக்டரய்யா. எங்க போதகரய்யா பொய் சொல்ல மாட்டாரு. அந்தக் குப்பி அடிச்ச அடியில எனக்கே மூணு நாள் மாவு பிசைய முடியல.

— உனக்கா? உனக்கு எதுக்கும்மா கை வலிக்கணும்?

— அவங்களுக்கு மூட்டுவாதம். பழைய வாதம். வீப்கே, நீ உள்ள போ.

— இருக்கட்டும். போதகரே, அன்னைக்கு இந்த அறையில யார் யார் இருந்தது?

— நான் மட்டும்.

— ஜன்னல் திரை?

— மூடியிருந்துச்சு. பொறி தெரியணும்னா இருட்டு வேணும்ல.

— சரி. அப்ப இதச் சொல்லுங்க. கடிதத்துல 'குப்பியை' அப்படின்னு ஒரு சொல். அதுக்கப்புறம் ஒரு வரி நீளத்துக்குத் தாளக் கத்தியால சுரண்டியிருக்கு. மிச்ச கடிதம் முத்து முத்தா இருக்கு. அங்க மட்டும் என்ன?

— மை கொட்டிடுச்சு.

— உங்க வாய்க்குள்ளயுமா கொட்டிடுச்சு? திங்கக்கிழமை என் அறிக்கையக் கழகத்துல படிப்பேன். கமின்ட்ராப் ஊர்ப் போதகர் எவால்ட் இல்லாத ஒண்ணக் கண்டதாச் சொன்னார்னு. உங்க தேவாலயப் பெரியவங்களும் அதுக்கு ஒரு நகல் கேட்டிருக்காங்க. பொய் சொன்னவர அவங்க பிரசங்க மேடையில ஏத்துவாங்களா, எனக்குத் தெரியாது.

— என் பேச்சு அவ்வளவுதான். எழுதிக்கோங்க.

— போதகரய்யா, அந்த வரிய நீங்களா சுரண்டினீங்க?

— வீப்கே, உள்ள போன்னு சொன்னேன்.

— போகல. டாக்டரய்யா, நீங்க குப்பிய மேசையில வச்சா அது எப்படி அடிக்கும்? அன்னைக்கு அது மேசையில இல்ல. நான் பிடிச்சிருந்தேன்.

— வேண்டாம்மா. ஊர் என்ன சொல்லும்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும். மேடையேற விடலன்னா நீங்க எப்படியிருப்பீங்கன்னும் தெரியும். டாக்டரய்யா, எழுதிக்கிறீங்களா?

— ஒரு கை குப்பியில இருந்துச்சு. எழுதிக்கிட்டேன். ஆனா ஆணியத் தொட்டது போதகர். உன் கைக்கு எப்படிம்மா அடி வந்துச்சு?

— குப்பி என் இடது கையில இருந்துச்சு. வலது கை இவர் கையில இருந்துச்சு.