விடை இல்லாத புத்தகம்

போடிமெட்டு ஏறும் ஜீப்பில், ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் இருவர் என் எதிரே இருந்தார்கள். இளையவள் கையில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகம்.

“விடை போடாத புத்தகமாப் பாத்து வாங்குனேன்க்கா.”

“கிறுக்கி. ரெண்டு தடவ பெயிலான பேப்பரு. இந்தத் தடவையும் போச்சுன்னா டிகிரியே இல்லங்குற. கைடு வாங்க வேண்டியதுதான?”

“கைடுல விடைய மனப்பாடம் பண்ணித்தான் போச்சு. கேள்விய மாத்திக் கேட்டா கை ஓடல. இதுல எது ஏன் நடக்குதுன்னு இருக்கு.”

“நீ எழுதுனது சரியான்னு யாரு சொல்லுவா?”

“நீதான்க்கா.”

“நான் எட்டாப்புடி.”

“பக்கத்துப் பக்கத்துச் செடிதான பறிக்கிறோம். நான் சொல்லிட்டே வர்றேன். உனக்குப் புரியாத எடத்துல நிறுத்து. அங்கதான் எனக்கும் தெரியல.”

மூத்தவள் மடியிலிருந்த தூக்குவாளியைக் காலடியில் வைத்தாள்.

“எறங்குற வரைக்கும் சும்மாதான இருக்கோம். ஆரம்பி.”