புளி போட்டுத் தேய்ச்ச லைட்டு

எறங்காதீங்க டாக்டரம்மா, உக்காருங்க. பின்னால வர்ற கட்டவண்டியிலயா? பாத்தேன், பாத்தேன்... சலங்கைச் சத்தங் கேட்டுது. அதுல ஏறுனீங்கன்னா சங்ககிரி போய்ச் சேர விடிஞ்சுரும். அங்க என்ற மவ இன்னாசிமேரி காத்தாலருந்து வலியில கெடக்கறாளுங்க. கொழந்த குறுக்க கெடக்குது, இனி டாக்டரு கையிலதான்னு மருத்துவச்சி மாரியாயி கைய விரிச்சுட்டா. அஸ்தம்பட்டியிலருந்து உங்களக் கூட்டியாந்து இந்த மகுடஞ்சாவடி ரோட்டுல உட்டுட்டுப் போவேனுங்களா? எஞ்சின் ஓடுது, லைட்டுத்தான எரியல. இந்த உபகாரசாமி பாக்காத லைட்டா? பத்து நிமிசம்.

அந்த ஆரன அமுக்குங்க. ஆங், கத்துதல்ல? பேட்டரிக்கு உசுரு இருக்குது. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருசத்துக் காருங்க, பன்னண்டு வயசாச்சு, இன்னும் அதே தொண்டை. ரெண்டு லைட்டும் ஒண்ணாப் போயிருக்குது. பல்பு ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டுச் சாவாதுங்க, அதனால பல்பு மேல பழியில்ல. ப்யூஸத் தடவிப் பாத்துட்டேன், கம்பி முழுசா இருக்குது. இனி லைட்டுக்கு வர்ற ஒயரு. இதையும், சேசிஸு இரும்புலருந்து ஒண்ண இழுத்து அதையும், சேத்து நாக்குல வெச்சுப் பாக்கறேன்.

அய்யோ, கத்தாதீங்கம்மா! ஆறு வோல்ட்டுத்தான். கரண்டு இருந்தா நாக்கு புளிக்கும், அவ்வளவுதான். ம்... புளிக்குது. நல்லாவே புளிக்குது. அப்ப கரண்டு லைட்டு வாசல் வரைக்கும் வந்து நிக்குது. உள்ள போயித் திரும்பறதுக்கு வழியில்ல.

மணி என்னங்க? ஆறே முக்காலா! கர்த்தரே.

இல்லீங்க, எனக்கென்ன பயம். ஏற்காட்டு மலையில ஒருக்கா இப்பிடித்தான், ஒரு தொரைய ஏத்திக்கிட்டு எறங்கறேன், ரெண்டு லைட்டும் போச்சு. தொரை தொப்பிய வாங்கி நானூறு மின்மினிப் பூச்சி புடிச்சு லைட்டுக்குள்ள அடைச்சுட்டேன். எதுக்க வந்த பஸ்ஸுக்காரன், கண்ணு கூசுது, கொறைடான்னு வஞ்சான்னாப் பாத்துக்குங்களேன். நம்பலீங்களா? செரி, முந்நூறுன்னு வெச்சுக்குங்க.

கதைய நிறுத்தோணுமா? நிறுத்தறேன்.

அந்த ஸ்பானரக் குடுங்க. பேட்டரியிலருந்து லைட்டுக்கு ஒத்தை ஒயருதான் வருது. திரும்பிப் போறது இந்த இரும்பு வழியா, இந்தப் போல்ட்டு வழியா. எர்த்துன்னு சொல்லுவாங்க. போல்ட்டுக்கு அடியில என்னமோ காஞ்ச ஓடாட்டம் தட்டுப்படுதே. மோந்து பாருங்க. சந்தனந்தானுங்களே?

அட, இதானா! முந்தாநேத்து ஆயுத பூசை. எங்க மொதலாளியம்மா சென்னியம்மா, லைட்டுன்னாலும் வெளக்குத்தானன்னு ரெண்டையும் கழட்டி வாங்கி, குத்துவெளக்காட்டம் புளி போட்டுத் தேய்ச்சு, மூஞ்சியிலயும் முதுகுலயும் சந்தனத்த அப்பிக் குடுத்தாங்க. நானோ வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். சாமிக்குப் பூசுனதச் சொரண்டுனா நமக்கெதுக்கு வம்புன்னு, அது மேலயே போல்ட்ட முறுக்கிட்டேன். அப்பறம் இன்னைக்குத்தான லைட்டுப் போடறேன். அம்மா தாயே சென்னியம்மா, உங்க பக்தி என்ற மவ உசுருக்கு வெலை கேக்குதே!

சிரிக்காதீங்க டாக்டரம்மா. ஆமாங்க, இந்தப் பக்கமும் சொரண்டியாச்சு. இரும்பு இரும்பத் தொட்டுருச்சு. முறுக்கிட்டேன். இப்பச் சுச்சியப் போடறேன், நீங்க முன்னால பாத்துச் சொல்லுங்க.

எரியுதுங்களா? ரெண்டுமா? அந்தப் புளியமரம் வரைக்குமா? மாதாவே!

நீயே பாத்துக்கலாமேன்னா... மொதல்ல ஏறுங்க. பின்னால வேண்டாம், எம்பக்கத்துல. கதவச் சாத்திக்கிட்டீங்களா? நல்லா இழுத்துச் சாத்துங்க. வண்டி உருளட்டும், சொல்றேன்.

ஒண்ணுமில்லீங்க, எனக்கு மாலைக்கண்ணு. மூணு வருசமாச்சு. வெயிலோட திரும்பீரலாம்னுதான் வந்தேன், நீங்க அங்க ஒரு நோயாளியப் பாத்துட்டு வர்றதுக்குள்ள பொழுது எறங்கிருச்சு. இப்ப எனக்கு மரமும் இல்ல, ரோடும் இல்ல. இந்த லைட்டு எனக்கில்லீங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு.

நிறுத்தச் சொல்லாதீங்க, மெதுவாத்தான் போறேன். மூணு வருசமா அந்தி சவாரிக்கெல்லாம் ஆளு கூட வரும். சோத்தாங்கைப் பக்கம் ஒடி, பீச்சாங்கைப் பக்கம் பள்ளம், எதுக்க மாடு வருதுன்னு சொல்லிக்கிட்டே வரும். ஒரு கோழிய அடிச்சதில்ல.

யாருங்களா? இன்னாசிமேரிதானுங்க.

இன்னைக்கு அவ எடத்துல நீங்கதானுங்க. சொல்லுங்கம்மா. முன்னால என்ன தெரியுது?