மூணாவது ஸ்லைடு

— அஞ்சாவதுல ஒரு பொண்ணு லேப்டாப்பப் பாத்து பல்லு தெரிய சிரிக்குதே, அத மாத்தும்மா. பதினாலு வருஷமா கடை வச்சிருக்கேன், கம்ப்யூட்டரப் பாத்து அப்படி யாரும் சிரிச்சு நான் பாத்ததில்ல.

— எழுதிக்கிட்டேன். ஆனா நீ ரெண்டுலேர்ந்து அஞ்சுக்குத் தாவிட்டே அண்ணா. மூணாவது ஸ்லைடு?

— அதுல சொல்ல என்ன இருக்கு? தூக்கிடு.

— தூக்கறதுன்னு முடிவாயிடுச்சு. அந்த இடத்துல என்ன வைக்கறதுன்னு கேக்கத்தான் ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உன்ன வரச் சொன்னேன். வாரத்துக்கு நாலு கம்ப்யூட்டர் பெட்டியில நீ எங்க குழு இலவசமா குடுக்கற சிஸ்டத்த ஏத்தறே. அது ஏறி முடியற இருபது நிமிஷமும் ஜனங்க இந்தப் படங்களத்தான் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. அவங்க மூஞ்சி உனக்குத்தான் தெரியும்.

— சும்மா சொல்றேன், எவனும் பாக்கறதில்ல. பாதிப் பேர் வாசல்ல நின்னு போன் பேசுவான்.

— ஒருத்தர் பாத்தாரே.

— அந்த ஃபேன கொஞ்சம் வேகமா வையேன். இந்த மாடி ரூம்ல எப்படித்தான் இருக்கியோ. கீழ டயர் கடை சத்தம் வேற.

— வேகமா வச்சா காகிதம் பறக்கும். கேளு, படிக்கறேன். 'உங்கள் பழைய கோப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.' ஆறு வருஷம் முன்னாடி, பல் டாக்டர் கிளினிக்ல டோக்கன் குடுத்துக்கிட்டே நடுநடுவுல எழுதினது. சம்பளம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு சிஸ்டம் நம்ம பாஷையில பேசுதேன்னு ஒரு சந்தோஷம்.

— தெரியாதா எனக்கு? அன்னிக்கே ஓடி வந்து காட்டினியே. நல்லாத்தான் எழுதியிருக்கே.

— நல்லா எழுதி என்ன? அத நம்பித்தானே அந்த டிரைவர் பதிவு பண்ணி வச்சிருந்த அவர் பொண்ணு குரல் போச்சு.

— ஏம்மா, அத எதுக்கு இப்ப எடுக்கறே? எட்டு மாசம் ஆச்சு.

— எட்டு மாசமா எனக்கு அதேதான் ஓடுது. பஸ் ஓட்டற மனுஷன். காது கேக்காத பொண்ணு. மூணு வயசுல காதுக்கு மெஷின் வச்சு, பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சு, வாராவாரம் பதிவு பண்ணியிருக்காரு. முதல்ல வெறும் மூச்சு. அப்புறம் உதடு ஒட்டிப் பிரியற ஒரு சத்தம். அப்புறம் ஒரு நாள் 'அப்பா'. ஏழு வருஷம் அண்ணா. எல்லாம் உன் கடைக்கு வந்த அந்தப் பெட்டியிலதான் இருந்துச்சு.

— தெரியும்.

— எங்க குழுவுக்கு எழுதினாரு. பத்திரமா இருக்கும்னு திரையிலயே வந்துச்சு, கடைக்காரரும் அத நம்பித்தான் போட்டாராம், அப்படின்னு. திட்டி ஒரு வார்த்தை இல்ல. அந்த வரிய எழுதினது யாருன்னு மட்டும் கேட்டிருந்தாரு.

— நீ என்ன பண்ணே?

— நான்தான்னு எழுதி மன்னிப்புக் கேட்டேன். குழுவுல இருபது பேர் படிக்கற இடத்துலயே கேட்டேன். ஒரு வரி ஒழுங்கா எழுதத் தெரியாதவங்கள எல்லாம் யாரு உள்ள விட்டதுன்னு ஒருத்தர் பதில் போட்டாரு. கிளினிக் பாத்ரூம்ல போய் கதவ சாத்திட்டு நின்னேன்.

— இதெல்லாம் நீ சொல்லவே இல்லியே.

— நீயும் கேக்கல.

— வாலு, உன்ன ஒண்ணு கேக்கணும்மா.

— சொல்லு.

— சிஸ்டம் ஏத்தும்போது முதல்ல என்ன கேக்கும்?

— எந்த பாஷைன்னு கேக்கும். அப்புறம் டிஸ்க் முழுசையும் அழிக்கணுமா, பழசையும் வச்சுக்கணுமான்னு கேக்கும். நீ எத அமுக்கறியோ அது நடக்கும். அதுக்கப்புறம்தான் படம் ஓட ஆரம்பிக்கும்.

— அப்போ மூணாவது ஸ்லைடு வரும்போது?

— அழிய வேண்டியது அழிஞ்சு முடிஞ்சிருக்கும்.

— உனக்குத் தெரியுமா?

— அந்தப் படங்கள வரிசைப்படுத்தினதே நான்தானே.

— எப்பலேர்ந்து தெரியும்?

— அவர் கடிதத்துல உன் கடை பேரப் பாத்ததிலேர்ந்து.

— அன்னிக்கு மேஜை மேல நாலு பெட்டி வரிசையா இருந்துச்சு. சும்மா சொல்... இல்ல, சும்மா இல்ல. அவரு ரெண்டு தடவை சொன்னாரு. தம்பி, பொண்ணு குரல் இருக்கு, அத மட்டும் தொட்டுடாதீங்கன்னு. தலையாட்டினேன். கைப்பழக்கத்துல 'முழுசா அழி'ய அமுக்கிட்டேன். அமுக்கின அந்த நொடியே தெரிஞ்சுபோச்சு. அவரு எதிர்ல ஸ்டூல்ல உக்காந்து திரையப் பாத்துட்டு இருக்காரு. அப்பத்தான் உன் ஸ்லைடு வந்துச்சு. சத்தமாப் படிச்சாரு. பத்திரமா இருக்குமாம் தம்பி, அப்படின்னாரு. ஆமா சார்னு சொன்னேன்.

— அப்புறம்?

— வீட்டுக்குப் போய்த் தேடியிருக்காரு. மறுநாள் நான் ஷட்டர் தூக்கறதுக்குள்ள வந்து நின்னாரு. திரையில போட்டிருந்தத நம்பித்தான் சார் நானும் பண்ணேன்னுட்டேன்.

— அத எழுதினது நான்னு அப்ப ஞாபகம் இருந்துச்சா உனக்கு?

— இருந்துச்சு.

— அது ஒண்ணுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்துச்சு.

— நீ ஏம்மா என்னக் காட்டிக் குடுக்கல? குடுத்திருக்கலாமே.

— கடை என்னாகும், அண்ணி என்ன பண்ணுவாங்கன்னு நெனச்சேன்னு சொல்லிக்கலாம். அது நெஜமில்ல. என் அண்ணன் இப்படின்னு நாலு பேர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. எழுதத் தெரியாதவன்னு பேர் வாங்கறது அதவிட லேசா தெரிஞ்சுது. அதனால அந்த மனுஷன்கிட்ட நானும் பொய் சொல்லிட்டேன். உன்னக் கேக்க எனக்கு என்ன யோக்யதை?

— அப்படிச் சொல்லாத.

— சரி, இந்தா, ஸ்லைடுல என்னென்ன மாத்தணும்னு ஒரு பட்டியல், படிச்சு முடிப்போம். நாலு மணிக்குள்ள முடிக்கணும்.

— இந்த ஒண்ணாவது நல்லா இருக்கு. அழிக்கறதுக்கு முன்னாடியே ஒரு படம் வந்து, எதெல்லாம் போகப்போகுதுன்னு பேரோட காட்டணும். பத்து செகண்டுக்கு எந்த பட்டனும் வேலை செய்யக் கூடாது. 'கடைக்காரர்களும் பாவம், நாலு பெட்டிக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கைக்கும் ஒரு காவல் வேண்டும்.' என்ன நெனச்சுதானே எழுதினே இத?

— அது நான் எழுதினதில்ல.

— பின்ன யாரு?

— டிரைவர்தான். என் மன்னிப்பு போய்ச் சேந்த அடுத்த மாசம் எங்க குழுவுல சேந்தாரு. என் பொண்ணுக்கு ஆனது இன்னொரு குழந்தைக்கு ஆகக் கூடாதும்மான்னாரு. டிப்போவுல ஷிஃப்ட் முடிஞ்சு உக்காந்து ஒவ்வொரு வரியா எழுதி அனுப்பறாரு. இந்தப் பட்டியல் மொத்தமும் அவரோடது. நாலு மணிக்கு அவரத்தான் கூப்பிடணும்.

— நீ பேசு. நான் கெளம்பறேன்.

— பேசறேன். என்ன பேசறதுன்னு சொல்லிட்டுப் போ.

— மணி என்ன?

— நாலு.

— போன இப்படிக் குடு. ஸ்பீக்கர்ல போடு, நீயும் இரு.

— ஹலோ, சொல்லும்மா. உங்க அண்ணன் ஏதோ கடை வச்சிருக்காரு, அவர்கிட்ட காட்டறேன்னீங்களே. என்ன சொன்னாரு? நம்ம பட்டியல் உருப்படுமாமா?

— சார், அந்த அண்ணன்தான் பேசறேன். உங்க பொண்ணு குரல அழிச்சது ஸ்லைடு இல்ல சார், நான்தான்.