எந்தப் பஞ்சாங்கத்துப் பத்து

அந்த ஆண்டு மலையாளச் சிங்க மாதம் நம் ஆவணிக்கு ஒரு நாள் பிந்திப் பிறந்தது. மலையாள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்ப் பக்கத்துப் பொள்ளாச்சிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு அச்சகக்காரரும் பெண்ணின் தகப்பனாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனுங்க, நான் சொன்னது சிங்கம் பத்துங்க. நீங்க ஆவணி பத்துன்னு அடிச்சுப்போட்டீங்க. சனம் ஒரு நா முன்னாலயே வந்து நிக்குமுங்க!”

“வெறும் பத்துன்னுதானுங்க சொன்னீங்க. நான் என்ன சோசியனா? இனி எந்தப் பஞ்சாங்கத்துத் தேதின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் அச்சுக் கோப்பேன். இந்தாங்க, எழுதுங்க.”

தகப்பனார் பேனாவை வாங்கினார், எழுதவில்லை.

“மாப்பிள்ளை ஊட்டுலயும் வெறும் பத்துன்னுதானுங்க சொன்னாங்க. எந்தப் பஞ்சாங்கம்னு நான் கேக்கலீங்களே.”

“அவுங்க எந்தூருங்க?”

“பொள்ளாச்சிங்க.”

மாப்பிள்ளை வீட்டில் கேட்க, பஸ் நிற்பதற்குள் தகப்பனார் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார்.