விஜயம், கே.கே. நகர்

எனக்குப் பெண்களின் உடை பற்றி ஒன்றும் தெரியாது. முப்பத்திரண்டு வருடம் ஒரு ஃபேஷன் மாத இதழுக்கு ஆசிரியராக இருந்ததற்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. நான் எடுத்துக்கொடுத்த புடவை ஒன்றைக்கூட என் மனைவி வெளியே கட்டிக்கொண்டு போனதில்லை. அவளுக்கு இருந்த விவரம் வாசகர்களுக்கு இல்லாததால் பத்திரிகை ஓடியது.

நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். பெயர் ராஜாராமன். வயது அறுபத்து மூன்று. மனைவி காலமாகி ஆறு வருடம். குடியிருப்பு கே.கே. நகர். பத்திரிகையின் பெயர் ‘பூந்துகில்’. டவுன் ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் ஆபீஸ். நீங்கள் சின்ன வயதில் படித்திருக்கலாம். படித்ததில்லை என்றாலும் பாதகமில்லை, எனக்குப் பழகிவிட்டது.

பத்திரிகைத் தொழிலில் இரண்டு ரகசியங்கள் உண்டு. முதலாவது கிளிப். அட்டைப்படத்தில் வரும் பெண்ணுக்கு ரவிக்கை அச்சில் வார்த்தது போல இருக்கும். எங்கள் போட்டோகிராபர் ராம்கி, துணி காயப்போடும் கிளிப்புகளை அவள் முதுகில் வரிசையாகப் போட்டுப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருப்பான். முன்பக்கம் பட்டு, பின்பக்கம் மொட்டைமாடிக் கொடி. அதனால்தான் பத்திரிகைப் பெண்கள் ஒருபோதும் திரும்பி நிற்பதில்லை.

இரண்டாவது வாசகர் கடிதம். முதல் இதழ் வெளியாகி ஒரு மாதமாகியும் ஒரு கடிதமும் வரவில்லை. பக்கத்தை வெள்ளையாக விட முடியாது. பந்தியில் முதல் வரிசை காலியாக இருந்தால் யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் நானே உட்கார்ந்தேன், ஏழு இலைகளில். ‘விஜயம், கே.கே. நகர்’ ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கறார், ஆனால் நியாயமானவர். ‘மாதங்கி’ கல்லூரி மாணவி, வாய் நீளம். ‘மதுவந்தி, நாகமலை புதுக்கோட்டை’ பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவரின் மனைவி; யார் மனமும் நோகாமல் பேசுவாள். மற்ற நால்வரும் கூட்டத்துக்கு. பிற்பாடு நிஜக் கடிதங்களும் வந்தன. பொய் சொல்லக் கூடாது, அவை சுமாராகத்தான் இருந்தன. என் பெண்கள் அவர்களைவிட நன்றாக எழுதினார்கள். அதனால் நிஜக் கடிதங்களைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டிவிடுவோம்.

அஸ்வினி விஷயத்துக்கு வருகிறேன்.

வயது இருபத்து மூன்று. சோழவந்தானில் கொடிக்கால் வைத்து வெற்றிலை விவசாயம் பார்க்கும் மொக்கையனின் ஒரே மகள். ‘அஸ்வினியின் அலமாரி’ என்று ஒரு வலைப்பூ நடத்தினாள். ராம்கிதான் போனில் காட்டினான். “சார், நம்ம பொழப்பப் பிரிச்சு மேஞ்சிருக்கு இந்தப் புள்ள” என்றான். பூந்துகிலில் வந்த ஒரு ரவிக்கையை அதே அளவில் தைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் படத்தையும் தன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். நல்ல பருமன். நல்ல கறுப்பு. புஜங்கள் இரண்டும் புதுத் தலையணைகள் மாதிரி. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. எழுதியிருந்தது இதுதான்: “புக்குல வர்ற அக்காவுக்கு முதுகே கிடையாதுப்பா. பத்து வருசமா பாக்குறேன், ஒரு தடவகூடத் திரும்பல. நான் திரும்புறேன், பாத்துக்கங்க.” அடுத்த படத்தில் திரும்பி நின்றாள். கிளிப் இல்லை. அக்குளில் சுருக்கம், இடுப்பில் மடிப்பு, எல்லாம் உள்ளபடி.

அதற்கு நானூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டங்கள் வந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். “எனக்கும் இப்படித்தான்டி”, “டெய்லர் அக்கா நம்பர் குடு”, “அழுதுட்டேன்” என்று நிஜப் பெண்கள் எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழை மலிந்த பெண்கள். அந்த மாதம் எனக்கு வந்த கடிதங்கள் மூன்று. ஒன்று தையல் மெஷின் ஏஜென்சி, ஒன்று மின்வாரியம், மூன்றாவது என் ஜாதகத்தை அனுப்பச் சொல்லி ஒரு ஜோசியர்.

எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. காலியான பந்தி ஞாபகம்தான் வந்தது. என் ஆட்களை அங்கே அனுப்பலாமே என்று தோன்றியது.

ஒவ்வொருத்திக்கும் ஒரு மெயில் ஐடி உண்டாக்கினேன். ஞாபகம் இருக்காதென்று ஏழு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. முதலில் விஜயம் எழுதினார்: “குழந்தை, துணிச்சலான முயற்சி. வாழ்த்துகள். கைகளை மட்டும் சற்று மூடியிருந்தால் இன்னும் லட்சணமாக இருந்திருக்கும்.” இதில் தப்பாக ஒரு வார்த்தை இருக்கிறதா, பாருங்கள்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

“அம்மா, நீங்க பூந்துகில் விஜயம் அம்மாவா? கே.கே. நகர் விஜயம் அம்மாவா? ஐயோ. எங்கம்மா சோலையம்மாள் இருந்தப்ப உங்க லெட்டரத்தான் மொதல்ல படிக்கச் சொல்லும். அதுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசிப்பேன். நானும் ஏழு லெட்டர் போட்டேன்மா. ஒண்ணுகூட வரல. உங்க லெட்டருக்குக் கீழ ஓரமா ஒரு எடம் கெடைக்காதான்னு இருந்துச்சு. அப்புறம்தான் நாமளே ஒண்ணு ஆரம்பிப்பம்னு இதை ஆரம்பிச்சேன். இப்ப நீங்களே வந்துட்டீங்க.”

அடுத்த பதிவில் அவள் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள்.

நீங்கள் பத்திரிகையில் இருந்ததில்லை, அதனால் இது உங்களுக்குப் புரிவது கஷ்டம். முப்பத்திரண்டு வருடத்தில் நான் எத்தனையோ எழுதினேன். இந்த நிறத்துக்கு இந்தக் கரை, இந்த உயரத்துக்கு இந்தக் கட்டு என்று. அதைப் படித்து ஒருத்தி தன் கொசுவத்தை அரை அங்குலம் மாற்றிக்கொண்டதாக எனக்குத் தகவல் இல்லை. இங்கே ஒரே வரி. நாலாம் நாள் கை நீண்டுவிட்டது.

பிறகு மாதங்கி எழுதினாள்: “கை ஓகே. இடுப்புக்கு என்ன பண்ணப் போறீங்க, கர்ட்டனா?” அஸ்வினி சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டாள். அடுத்த படம் இடுப்புக்கு மேலே மட்டும்தான் இருந்தது. கூட்டத்துக்கு வைத்திருந்த நால்வரும் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். விஜயம் அவர்களைக் கண்டித்தார். கண்டித்துவிட்டு, “ஆனாலும் அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, குழந்தை” என்றார். நானூறு பேர் பாராட்டியதை அவள் படிக்காமலில்லை. என் ஆட்களுக்கு மட்டும்தான் பதில் எழுதினாள்.

மதுவந்தி பொதுவில் எழுதவில்லை, தனியாக எழுதினாள். “அவர்களை விடு, தங்கச்சி. நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், குறைத்தேன். நீயும் குறைக்கலாம். நான் துணைக்கு இருக்கிறேன்” என்றாள். அஸ்வினி அவளிடம் எல்லாம் சொன்னாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றைக்குச் சாப்பிட்டதன் பட்டியல் வரும். ஆரம்பத்தில் எட்டு வரி. போகப் போக நாலு. பிறகு இரண்டு. சொன்ன நேரத்துக்கு மேட்டர் அனுப்பிய எழுத்தாளர் என் ஆசிரியர் வாழ்க்கையில் அவள் ஒருத்திதான். பட்டியல் சிறியதாக வந்த நாட்களில் மதுவந்தி பாராட்டுவாள். மிகையை வெட்டினால்தான் எதுவும் எடுபடும். எல்லா ஆசிரியர்களும் சொல்வது அதுதான்.

எட்டு மாதம் கழித்து அவளை அட்டைப்படத்துக்கு அழைத்தேன். இதை என் கணக்கில் நல்ல விஷயமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வலைப்பூ எழுதுகிற ஒரு பெண்ணுக்கு அட்டையைக் கொடுத்த முதல் பத்திரிகை எங்களுடையதாக இருக்கலாம். அப்பாவோடு வந்தாள். மொக்கையன் ஒரு கவுளி வெற்றிலையை மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் சுவரோரம் நின்றார். அஸ்வினியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தன் பழைய ரவிக்கையையே போட்டு வந்திருந்தாள். அது அவள்மேல் கொடியில் கிடப்பதுபோல் கிடந்தது. ராம்கி கிளிப் டப்பாவை எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, “இருபத்திரண்டு போட்டிருக்கேன் சார். இன்னும் வேணும், டப்பா காலி” என்றான். 

அட்டைப்பட அக்காவுக்கு முதுகே கிடையாது என்று எங்களைக் கேலி செய்த பெண், இருபத்திரண்டு கிளிப்போடு முன்பக்கம் பார்த்து நின்றாள். அதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

மொக்கையன் என்னை ஓரமாக அழைத்தார். “சார், புள்ள சரியா சாப்பிட மாட்டேங்குது. ஒரு இட்லிய வச்சுக்கிட்டு அரைமணி நேரம் பாத்துக்கிட்டே இருக்கு. தாயில்லாப் புள்ள, நான் அதட்டுனா சுருங்கிப்போகும். நீங்க பெரியவுக. உங்க புஸ்தகத்தச் சேந்தவுக சொன்னாத்தான் கேக்கும்.”

நான் சொன்னேன், மேடம். ராம்கி சாட்சி. “நல்லா சாப்பிடும்மா” என்றேன். “சாப்பிடுறேன் சார்” என்று சிரித்தாள். பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

அன்றைக்கு ஆறு மணிக்கு மதுவந்திக்கு எழுதினாள்: “அக்கா, எடிட்டர் சார் என்னைய அட்டைக்கு எடுத்துட்டாரு! எல்லாம் நீங்க சொன்னதால. போதுமா அக்கா, இனிமே கொஞ்சம் சாப்பிடவா?”

மதுவந்தி எழுதினாள்: “இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், தங்கச்சி. இன்னும் கொஞ்சம்தான்.”

அது ஒரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் பட்டியல் வரவில்லை. புதனும் வரவில்லை. “கோபமா?” என்று மதுவந்தி கேட்டாள். வியாழக்கிழமை அஸ்வினியின் போனிலிருந்து மதுவந்திக்கு ஒரு குரல்பதிவு வந்தது.

“தாயி, நான் அஸ்வினியோட அப்பன் மொக்கையன் பேசுறேன். எனக்கு இதுல எழுதத் தெரியாது, அமுக்கிப்புட்டுப் பேசுனாப் போதும்னாக. புள்ள போயிருச்சு தாயி. செவ்வாக்கெழம காலைல கொடிக்காலுக்குக் காப்பி கொண்டாந்துச்சு. வரப்புலயே சாஞ்சிருச்சு. பெரியாஸ்பத்திரில எம்புட்டோ பாத்தாக. ஒடம்புல சத்தே இல்ல, நெஞ்சு தாங்கலன்னுட்டாக. ஒங்களத்தான் அக்கா அக்கான்னு வாய் ஓயாமச் சொல்லும். கூடப்பொறந்தவ கணக்கா இருந்திருக்கீக. பதினாறாம் நாளைக்கு ஒருக்க வந்துட்டுப் போங்க தாயி.”

மதுவந்தியால் போக முடியவில்லை. நான் போனேன். நல்ல கூட்டம். எழுத்துப்பிழையோடு எழுதிய அந்தப் பெண்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். டெய்லர் அக்கா நம்பர் கேட்டவள் கைக்குழந்தையோடு வந்து ஓரமாக உட்கார்ந்து அழுதாள். என் ஏழு பேரும் வரவில்லை என்பதைத்தான் மொக்கையன் கவனித்தார். வாசலைப் பார்த்தபடியே இருந்தார்.

போன வாரம் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. “சார், விஜயம் அம்மா, மதுவந்திப் பாப்பா, இன்னும் அஞ்சு பேரு. உங்க புஸ்தகத்துக்கு எழுதுறவுகதான, விலாசம் இருக்கும்ல? விசேசத்துக்கு வரலன்னு கோவமெல்லாம் இல்ல. புள்ள அவுகளுக்குன்னு ஆளுக்கொரு சுங்குடிச் சேல எடுத்து, பேரு எழுதி வச்சிருக்கு. அதக் குடுத்துறணும்.”

என்னிடம் கொடுங்கள், சேர்த்துவிடுகிறேன் என்றேன். நான் கொஞ்சம் இளகிய மனசுக்காரன். “இல்ல சார். கையில குடுக்கணும். எம்புள்ள கடைசியா யாருகூடச் சிரிச்சுப் பேசுச்சோ, அந்த மொகத்த ஒருக்கப் பாத்துக்கிறேன்” என்றார்.

விலாசம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வருடப் பழக்கம், வாய் தானாக ஒரு தெருவைச் சொன்னது. கே.கே. நகரில், என் தெருவுக்கு அடுத்த தெரு. வீட்டு எண் ஞாபகமில்லை என்றேன்.

மறுநாள் காலை என் பால்கனியிலிருந்து பார்த்தேன். வீடு வீடாக மணி அடித்துக்கொண்டிருந்தார். சிலர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டாம் நாளும் வந்தார். அடுத்த தெரு முடிந்து, என் தெருவுக்கு வந்தார். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது.

“அட, சார் வீடா இது? எனக்குத் தெரியாமப் போச்சே” என்று கூசிப்போய் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். மடக்கென்று குடித்தார். பையைத் தரையில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். “ஒவ்வொரு வீடா வாரேன் சார். இன்னும் நாலு தெரு இருக்கு. எங்க போயிறப் போறாக?” என்றார். அன்றைக்கு அவர் சரியான வீட்டுக்குத்தான் வந்திருந்தார். கதவைத் திறந்தது விஜயம்தான். காலி டம்ளரை வாங்கி வைத்தேன். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

இன்றைக்கும் வந்திருப்பார். சித்திரை வெயில். அவருக்கும் ஐம்பத்தெட்டு வயதாகிறது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் யாரையாவது அனுப்பி அவரை நிழலில் உட்காரச் சொல்லுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். விஜயம் நான். மாதங்கி நான். கூட்டத்துக்கு வைத்த நால்வரும் நான். அந்தப் பெண்ணைப் படிப்படியாக, வாக்கியம் வாக்கியமாகக் கொன்றோம் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதில் நான் திருத்த ஒன்றுமில்லை.

மதுவந்தியை மட்டும் இதில் இழுக்க வேண்டாம், மேடம். கடைசிவரை அந்தப் பெண்ணிடம் அன்பாகப் பேசியது அவள் ஒருத்திதான்.